ஓடாத கணினியை வெளியிலிருந்து ஓட்டுவது எப்படி?

ஆடிக் காத்துல நம்ம பக்கம் கரண்ட் போய்ப் போய் வருவது உங்களுக்கே தெரியும். அப்படி ஒருநாள் போய் வந்தபிறகு எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் வரவே இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். உள்ளே அக்காவின் கல்லூரி புராஜெக்ட். ஒப்படைக்க நாலே நாள். கடையில் கேட்டால், "ஃபார்மட் போடணும்மா, உள்ளே இருக்கிறது போயிரும்" என்றார்கள். அக்கா அழுதேவிட்டாள்.

எங்கள் கணினி டீச்சரிடம் சொன்னேன். "விண்டோஸ் கெட்டுட்டா ஃபைலும் கெட்டுப்போச்சுன்னு யாரு சொன்னா? வெளியிலிருந்து பூட் பண்ணிப் பாரு" என்றார்.

பூட் என்றால் என்ன? கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் ஒரு சிப்பில் இருக்கும் பயாஸ். அது மெமரி, கீபோர்டு எல்லாம் சரிபார்த்துவிட்டு, "இயங்குதளம் உன்கிட்ட இருக்கா?" என்று ஒவ்வொரு டிஸ்காக வரிசையில் கேட்கும். பழைய கணினி என்றால் டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்துப் பார்க்கும். புதியவற்றில் அதற்கென்று உள்ள பார்ட்டிஷனில் பூட் ஃபைலைத் தேடும். வாய்க்காலில் எந்த மடையை முதலில் திறக்கிறோமோ அந்த வயலுக்குத்தானே முதல் தண்ணி? அதேபோல வரிசையில் பென் டிரைவை முதலில் வைத்தால் கணினி அதிலிருந்தே எழும்பும்.

ஆனால் இயங்குதள ஃபைலைச் சும்மா காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது. ஐ.எஸ்.ஓ. ஃபைலை ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு மென்பொருளால், வேறு கணினியில் வைத்து, டிரைவில் எழுத வேண்டும். எழுதும்போது டிரைவில் ஏற்கெனவே இருந்தது அத்தனையும் அழிந்துவிடும்! மென்பொருள் எச்சரிக்கத்தான் செய்தது. நான்தான் படிக்காமல் ஓ.கே. கொடுத்தேன். தம்பி காதணி விழாப் படங்கள் அதில்தான் இருந்தன.

நான் எழுதியது பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்டது, இலவசம், தமிழிலும் வரும். 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. நிறையப் பேர் அதைத் திறந்தே பார்த்ததில்லை! குமுளி தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். ஒன்று கவனியுங்கள்: 32 பிட் பிராசசரில் 64 பிட் பதிப்பு ஓடாது.

டிரைவைப் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்றால் இது ரொம்ப முக்கியம். பழைய யு.எஸ்.பி. 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். முன்பக்க ஒயர் வழியாக வரும்போது டிஸ்க் சுற்றுவதற்குச் சில சமயம் அதுவும் பத்தாது. ஆன் செய்ததும் எஃப் 12ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கணினியில் அது எஃப் 8, எஃப் 9 அல்லது எஃப் 11. வரும் பட்டியலில் யு.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுங்கள். பிறகு "லைவ்" என்பதைத்தான் அமுக்கணும். "இன்ஸ்டால்" பக்கம் போகவே கூடாது, போனால் உள் டிஸ்கே அழியலாம்.

லைவில் உள் டிஸ்க் ஒரு ஃபோல்டர் மாதிரித் திறந்தது. விண்டோஸ் ஒழுங்காக அணையாததால் படிக்க மட்டும்தான் விட்டது, எழுத விடவில்லை. நமக்கு வேண்டியது காப்பிதானே! புராஜெக்ட்டை இன்னொரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டோம். (டிஸ்க் "டக் டக்" என்று சத்தம் போட்டால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். அது மென்பொருள் கோளாறு இல்லை.)

அதன்பிறகு பயாஸுக்குள் போய் யு.எஸ்.பி.யை முதலில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் பழைய வரிசை, தேதியும் தப்பு. மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருந்தது. அதை மாற்றியதும் வரிசை நின்றுவிட்டது.

அக்கா மூன்றாம் நாளே புராஜெக்ட்டைக் கொடுத்துவிட்டாள். காதணி விழாப் படத்துக்குத்தான் இப்போது அத்தை வீட்டு ஆல்பத்தைக் கேட்டிருக்கிறோம்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு