கட்டில் எத்தனை, தூரம் எவ்வளவு?
அரசு மருத்துவமனை விரிவாக்கம் பற்றி ஒரு பாடம்

 

கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் பக்கம் இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி "எந்த ஆஸ்பத்திரி?" என்பதுதான். மணமேல்குடியா, அறந்தாங்கியா, நேராகப் புதுக்கோட்டையா? பக்கத்தில் காட்டி, அங்கிருந்து "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

ஜும்ஆ முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு வரும். "இங்கேயே பெரிய ஆஸ்பத்திரி கட்டித் தரச் சொல்லி மனு கொடுப்போம்" என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் ஆமாம் என்போம். மனு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்கிறோமா? "கட்டடம் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் சில சமயம் கட்டடம் மட்டும்தான் கிடைக்கும்.

நம் மாவட்டத்தையே பார்ப்போம். 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 16,18,345. அரசு மருத்துவமனைகளில் ஆயிரம் பேருக்கு குறைந்தது ஒரு படுக்கை, முடிந்தால் இரண்டு என்பது மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட பொதுச் சுகாதாரத் தரநிலை. நம் மாவட்டத்துக்கு அப்படிப் பார்த்தால் குறைந்தது 1,600 படுக்கைகள், நல்ல நிலை என்றால் 3,200. இது பழைய மக்கள் தொகைக்கு ஆன கணக்கு. அதற்குப் பிறகு ஊர் வளர்ந்திருக்கிறது, வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கூடியிருக்கிறார்கள்.

2017 ஜூன் மாதம் தஞ்சாவூர் சாலையில் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 மாணவர்கள். இத்தனை மாணவர்கள் படிக்கும் கல்லூரியோடு 600-க்கும் மேற்பட்ட படுக்கைகள் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஊர் நடுவில் இதற்கு இடம் கிடைக்காது, வெளியே போவதைத் தவிர வழியில்லை. இதனால் கிடைத்த நன்மை பெரிது. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் அனுப்பப்பட்ட பல நோயாளிகளுக்கு இப்போது இங்கேயே சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் முன்பு டவுனுக்குள் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மூதாட்டி இப்போது பஸ் ஏற வேண்டும். படுக்கை கூடியது, கூடவே தூரமும் கூடியது. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி அறந்தாங்கிக்குப் போனது இதனால்தான் நமக்கு முக்கியம். கடற்கரை ஊர்களுக்கு அதுதான் அருகில். அங்கே இரவிலும் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், இரத்தம் மூன்றும் இருந்தால் நம் பெண்களில் பலர் அதைத் தாண்டிப் போக வேண்டியிருக்காது.

படுக்கைக் கணக்கு

இது எளிய கணக்கு, வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம். ஒரு மருத்துவமனையில் 60 படுக்கைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தினமும் 12 பேர் சேர்கிறார்கள், ஒருவர் சராசரியாக 4 நாள் தங்குகிறார். 12-ஐ 4-ஆல் பெருக்கினால் 48. அதாவது எந்த நாளிலும் 48 படுக்கைகள் நிரம்பியிருக்கும், 12 காலியாக இருக்கும். அந்தப் பன்னிரண்டைப் பார்த்து "சும்மா கிடக்கிறதே" என்று நினைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு வந்தாலோ, ஒரு பஸ் கவிழ்ந்தாலோ அவைதான் கைகொடுக்கும். நூற்றுக்கு எண்பது நிரம்பியிருப்பதே நல்ல நிலை என்று திட்டமிடுவோர் சொல்வது இதனால்தான்.

இப்போது தினமும் 15 பேர் வருகிறார்கள். 15-ஐ 4-ஆல் பெருக்கினால் 60. ஒரு படுக்கைகூட மிச்சமில்லை. அடுத்து வருகிறவருக்கு வராந்தாவில் பாய்தான். உடனே நமக்குத் தோன்றுவது "இன்னொரு மாடி கட்டுங்கள்" என்பது. கொஞ்சம் பொறுங்கள். அந்த 4 நாள் ஏன்? இரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள் வருகிறது, ஸ்கேன் எடுக்க வாரத்தில் இரண்டு நாள்தான் ஆள் வருகிறார் என்றால், நோயாளி ஒரு நாள் முழுக்க முடிவுக்காகவே படுத்திருக்கிறார். அன்றன்றைக்கே முடிவு கிடைத்து, தங்குவது 3 நாளாகக் குறைந்தால், 15-ஐ 3-ஆல் பெருக்கினால் 45. ஒரு செங்கல் வைக்காமல் 15 படுக்கைகள் கிடைத்துவிட்டன! அந்த ஊருக்கு மாடி தேவையா, ஒரு லேப் டெக்னீஷியன் தேவையா என்று இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும். சில ஊர்களுக்கு இரண்டுமே தேவைப்படும்.

கட்டத்தான் வேண்டும் என்றால், நம் மாவட்டம் பட்ட இரண்டு பாடங்களை மறக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் வெள்ளம் ஏறாத உயரத்தில் இருக்கின்றனவா என்று வரைபடத்திலேயே பார்க்க வேண்டும். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில், ஆக்சிஜன் குழாய் இல்லாத படுக்கை மூச்சுத் திணறுகிறவருக்கு வெறும் கட்டில்தான் என்று தெரிந்தது. புதிய வார்டில் சுவர் பூசும் முன்பே குழாய் போட்டுவிட்டால் செலவு குறைவு. அதுபோல, இப்போது இரண்டு மாடிக்குத்தான் பணம் இருக்கிறது என்றாலும் நான்கு மாடி தாங்கும் அஸ்திவாரம் போட்டுவிட வேண்டும். துணைக்கு வரும் பெண்களுக்குக் கழிவறையும் இரவில் படுக்க இடமும் பல வரைபடங்களில் விடுபட்டுப் போகின்றன. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

கட்டிய பிறகு நடத்த வேண்டுமே! கெய்ரோவில் சுல்தான் அல்-மன்சூர் கலாவூன் 1284-இல் ஒரு பெரிய மருத்துவமனை கட்டத் தொடங்கினார். காய்ச்சல், கண், அறுவை சிகிச்சை என்று தனித்தனிப் பகுதிகள், பெண்களுக்குத் தனி இடம். கட்டடத்தோடு அவர் நிற்கவில்லை. கடைகள் முதலானவற்றின் வருமானத்தை வக்ஃபாக எழுதிவைத்து, மருந்துக்கும் உணவுக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் அதிலிருந்தே வழி செய்தார். அந்த மருத்துவமனை நூற்றாண்டுக்கணக்கில் நடந்ததற்கு அதுவே காரணம். இன்று அந்தப் பொறுப்பு அரசின் பட்ஜெட்டில் இருக்கிறது. எனவே மனுவில் "இத்தனை படுக்கை" என்று எழுதும்போது, "இத்தனை மருத்துவர், இத்தனை செவிலியர் பணியிடம்" என்ற வரியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சிலர் பள்ளிவாசல் நிலத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கலாமே என்று கேட்கிறார்கள். எண்ணம் நல்லது, ஆனால் வக்ஃபு சொத்தைத் தானமாக எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. சொந்தப் பட்டா நிலம் வைத்திருப்பவர் கொடுக்கலாம். மக்கள் பங்களிப்போடு நடக்கும் 'நமக்கு நாமே' திட்டத்திலும் ஜமாஅத்தார் சேரலாம்.

மனுவுக்கு வலு சேர்ப்பது எண்கள்தான். ஒவ்வொரு முஹல்லாவிலும் ஒரு நோட்டு வையுங்கள். இந்த ஆண்டு எத்தனை பிரசவம், எங்கே நடந்தது, எத்தனை பேரை வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், எத்தனை மணிக்கு, போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் எழுதினால் போதும். பெயர் வேண்டாம். ஆறு மாதக் கணக்கோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால், வெறும் கையெழுத்து மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தனியார் மருத்துவமனைக்கு மட்டும் உரியது என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்யும்போதும் அந்த அட்டையைக் காட்டினால், காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேரும். கருவி வாங்கவும் வார்டைச் சீர் செய்யவும் அந்தப் பணம் உதவும். நம் கையிலிருந்து ஒரு பைசாவும் போகாது. அட்டை இன்னும் எடுக்காத குடும்பங்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லலாம்.