ஊசி உருளையும் நம் முகமும்

எங்கள் வீட்டுக்கு அந்தச் சிறிய பெட்டி வந்தபோது ராத்தாவின் நிக்காஹுக்கு இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன பெட்டியை ராத்தா அறைக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டுதான் திறந்தார். உள்ளே ஒரு கைப்பிடி. அதன் நுனியில், சுவருக்குப் பெயின்ற் பூசும் உருளையைச் சிறிதாக்கியது போல ஒரு சில்லு. சில்லு முழுவதும் முள். பெட்டியின் மேல் 'டெர்மா ரோலர், 540 ஊசிகள், 0.5 மி.மீ.' என்று அச்சிடப்பட்டிருந்தது.

அதை அவர் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, அவர்களில் ஒரு மாமி ராத்தாவின் கன்னத்தைத் தடவி, "இது என்ன மகள், அம்மை போட்ட அடையாளமா?" என்று கேட்டுவிட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனாலும் அன்றிரவு ராத்தா கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றதை நான் கண்டேன். உயர்தரம் படித்த காலத்தில் வந்த முகப்பருக்கள் அவருடைய இரு கன்னங்களிலும் சிறு சிறு குழிகளை விட்டுச் சென்றிருந்தன.

எனக்கும் பரு உண்டு. ரோலர் அலுமாரிக்குள் போன மூன்றாம் நாள், ராத்தா சாச்சி வீட்டில் தங்கிய இரவில், இஷாத் தொழுகைக்குப் பிறகு அதை எடுத்து என் நெற்றியிலும் கன்னங்களிலும் உருட்டினேன். எவருக்கும் சொல்லவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவி, துவாயால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சுபஹுக்கு வுழூ எடுத்தபோது முகம் நெருப்பாக எரிந்தது. நான்காம் நாள், முன்பு ஆறேழு பருக்கள் மட்டும் இருந்த இடத்தில் எண்ண முடியாதபடி சீழ்க் கொப்புளங்கள்.

மனிதத் தோலின் படத்தை வரைந்து, பெயரிட்டு, முழுப் புள்ளியும் வாங்கியவள் நான். அந்தப் படத்துக்கும் என் முகத்துக்கும் தொடர்பு இருப்பதாக அந்த இரவில் எனக்குத் தோன்றவே இல்லை. கொப்புளம் வந்த பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன். அதில் விளங்கியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தோலின் மேற்படை மேற்றோல். அதன் வெளிப்புறத்தில் இறந்த கலங்கள் அடுக்கடுக்காக இருந்து, நீரும் கிருமியும் உள்ளே புகாமல் காக்கின்றன. முகத்தில் மேற்றோல் முழுவதையும் சேர்த்தாலும் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான். அதற்குள் குருதிக்கலன்கள் கிடையாது. அதன் கீழே இருப்பது உட்டோல். குருதி மயிர்க்குழாய்கள், நரம்பு முனைகள், மயிர்ப் புடைப்புகள், இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்கள் ஆகியன அங்கேதான் உள்ளன. ஒரு பருவின் அழற்சி உட்டோல் வரை இறங்கி அங்குள்ள கொலாஜனை அழித்துவிட்டால், மேலே உள்ள தோல் உள்வாங்கிக் குழியாகிறது. வெளியிலிருந்து பூசும் கிறீம் அந்தக் குழியை நிரப்பாததற்குக் காரணம் இதுவே. குறை இருப்பது கீழ்த்தளத்தில்.

நுண்ணூசிச் சிகிச்சை அந்தக் கீழ்த்தளத்துக்குச் செல்கிறது. ஊசிகள் உட்டோலில் பல நூறு நுண்துளைகளை இடுகின்றன. உடலுக்கு இவை எல்லாமே காயங்கள். குருதிச்சிறுதட்டுக்கள் அங்கு வந்து வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. வெண்குருதிக் கலங்கள் வந்து சேதமடைந்ததை அகற்றுகின்றன. பின்னர் நாரரும்பர்கள் எனப்படும் கலங்கள் புதிய கொலாஜனை உருவாக்குகின்றன. முதலில் உருவாகும் மென்மையான மூன்றாம் வகைக் கொலாஜன், பல மாதங்களில் மெல்ல மெல்ல உறுதியான முதலாம் வகையால் பிரதியிடப்படுகிறது. குழி விழுந்த வீதியைத் தாரிட்டு நிரப்புவதற்கு முன் தொழிலாளர்கள் குழியின் ஓரங்களைக் கொத்திவிடுவதைக் கண்டிருப்பீர்கள். ரோலர் செய்வது அந்தக் கொத்தும் வேலையை மட்டுமே. நிரப்புவது நம் உடல். ஆகவே உடல் அன்று என்ன நிலையில் இருக்கிறது, கொத்திய கருவி சுத்தமானதா என்ற இரண்டும்தான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

இந்தச் சிகிச்சை கண்டறியப்பட்ட விதம் சுவையானது. கனடாவின் மொன்றியல் நகரில் அந்திரே கமிராண்ட் என்ற பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர், சிலருடைய முகத்தில் வெளிறிப்போயிருந்த வடுக்களை மறைப்பதற்காக, பச்சை குத்தும் கருவியால் தோலின் நிறத்தையொத்த சாயத்தை ஏற்றினார். ஓரிரு வருடங்களின் பின் பார்த்தபோது சாயம் போய்விட்டிருந்தது. ஆனால் வடுக்கள் மென்மையாகி, சொந்த நிறமும் திரும்பியிருந்தது. பயன் தந்தது சாயமல்ல, ஊசிதான் என்று அவருக்கு விளங்கியது. பிறகு சாயமே இல்லாமல் செய்து பார்த்து 1997இல் அதை வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் டெஸ்மண்ட் பெர்னாண்டஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதே வழியில் சிந்தித்து, ஊசிகள் பதித்த உருளையை உருவாக்கினார். இன்று பெட்டிகளில் விற்கப்படுபவை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

பச்சை குத்தும் கருவி என்றதும் உங்களுக்கு வரும் கேள்வி எனக்கும் வந்தது. பச்சை குத்துவது நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டதல்லவா? எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டேன். அவர் அர்பஜா (ரழி) அவர்களுடைய சம்பவத்தைச் சொன்னார். போர் ஒன்றில் மூக்கை இழந்த அந்த ஸஹாபி வெள்ளியில் மூக்குச் செய்து அணிந்தார். அது துர்நாற்றம் வீசத் தொடங்கவே, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் அந்த அனுமதி கிடைத்தது. ஏற்பட்ட குறையை நிவர்த்தி செய்வது வேறு, அழகுக்காகப் படைப்பை மாற்றுவது வேறு என்று உலமாக்கள் பிரித்துக் காட்டுவதாக ஆசிரியை விளக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உமக்கு இருப்பது குறையா, வயசா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது.

இனி ஊசியின் நீளத்துக்கு வருவோம். வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் 0.2 அல்லது 0.3 மி.மீ. ஊசிகள் பெரும்பாலும் மேற்றோலோடு நின்றுவிடுகின்றன. பூசும் கிறீம் சற்றுக் கூடுதலாக உள்ளே போகும், குழிகள் நிரம்பா. வைத்தியர்கள் பருக் குழிகளுக்குப் பாவிப்பது பொதுவாக 1 முதல் 1.5 மி.மீ. வரையிலான ஊசிகள், சிலவேளை அதிலும் நீளமானவை. முகத்துக்கு மரப்புக் கிறீம் பூசி, கிருமிநீக்கம் செய்து, சிறு குருதிப் புள்ளிகள் தோன்றும் வரை செய்வார்கள். ஆக, வீட்டில் செய்தால் ஒன்று பயனில்லை, இல்லாவிட்டால் பாதுகாப்பில்லை. 0.5 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வடுவுக்குப் போதாது, கிருமிக்குப் போதும்.

பருவுள்ள முகத்தில் உருட்டும்போது என்ன நடக்கிறது என்பதை என் கன்னமே எனக்குக் கற்றுத்தந்தது. ஒரு பருவுக்குள் அடைபட்டிருந்த பற்றீரியாக்களை ஊசிகள் தொட்டு எடுத்து, அடுத்த சுற்றில் நல்ல தோலுக்குள் நட்டுக்கொண்டே போகின்றன. வயலில் நாற்று நடுவதைப் போலத்தான். உருட்டிய தோலில் கண்டதைப் பூசுவதும் ஆபத்து. விற்றமின் சி கலந்த சீரம் போன்றவற்றை நுண்ணூசியோடு பாவித்த பெண்களுக்கு, அந்தப் பொருள் உட்டோலுக்குள் போய் ஒவ்வாமையால் முகத்தில் கட்டிகள் தோன்றியதை 2014இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழொன்று பதிவுசெய்தது. தோலின் மேல் பூசுவதற்கென்று செய்யப்பட்ட பொருள் தோலுக்குள் போவதற்குரியதல்ல.

என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது வேறொன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிய அனுமதியில்லாமல் நடந்த ஓர் அழகு நிலையத்தில், குருதியிலிருந்து எடுத்த பிளாஸ்மாவை நுண்ணூசியால் முகத்தில் ஏற்றிக்கொண்ட பெண்களில் மூவருக்கு அதன் வழியே எச்.ஐ.வி தொற்றியிருக்கக்கூடும் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024இல் அறிவித்தது. ஈரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைற்றிஸ் பி வைரசோ உலர்ந்த குருதியில் ஏழு நாட்களாவது உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. குழாய்த் தண்ணீர் அதை அழிக்காது. அற்ககோலில் நனைத்தாலும், முட்களின் அடியில் ஒட்டி உலர்ந்த குருதி முழுமையாகக் கிருமிநீக்கம் ஆகிவிடும் என்று நம்ப முடியாது.

இதை நான் வாசித்தது ஒரு வியாழக்கிழமை மாலை. ராத்தா மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் ரோலரை உருட்டத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்படியான நோய் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மணப்பெண்ணின் முகத்தில் 'நினைக்கிறேன்' என்பதை வைத்து உருட்ட முடியாது. என் கொப்புளங்களில் இருந்த சீழ் எதிலிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய அறை வாசலில் நின்றுகொண்டு, "ராத்தா, நான் அதப் பாவிச்சிட்டேன்" என்றேன்.

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "பரு கூடிப் போச்சென்று சொன்னது இதுதானா?" என்றார். பிறகு, "உம்மா, கொஞ்சம் இஞ்ச வாங்க" என்று குரல் கொடுத்தார்.

அடுத்த வாரம் உம்மா எங்கள் இருவரையும் அரசாங்க வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். காலை ஆறரைக்கே வரிசையில் நின்றோம். வைத்தியர் எனக்குக் கிருமிக்கு மருந்து எழுதிவிட்டு, என் நெற்றியில் இருந்த கரும்புள்ளிகளைக் காட்டி, அவை வடுக்களே அல்ல என்றார். நம் போன்ற தோலில் மெலனின் அதிகம். எங்கு அழற்சி வந்தாலும் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். வெயில் பட்டால் இன்னும் நீடிக்கும். அதற்கு ஊசி குத்துவது, கறுப்பைப் போக்க மேலும் கறுப்பைச் சம்பாதிப்பதாகும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவர் சொல்லித் தந்த வழி எளிது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி நின்று பார்க்க வேண்டும். நிழல் விழுந்தால் குழி, விழாவிட்டால் வெறும் நிறம். குழியிலும், இரு விரல்களால் தோலை இழுத்துப் பிடிக்கும்போது மறையும் அகலமான குழிகளுக்கே நுண்ணூசி நன்றாக உதவும். குண்டூசியால் குத்தியது போன்ற ஆழமான ஒடுங்கிய குழிகளுக்கு வேறு சிகிச்சைகள் தேவை.

எவருக்கு இது கூடாது என்றும் கேட்டேன். பரு இன்னும் வந்துகொண்டிருப்பவர்கள், உதட்டோரக் கொப்புளம் அல்லது மரு உள்ளவர்கள், நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்தவர்கள் என்று அடுக்கினார். பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்கள் முதலில் தம் வைத்தியரிடம் கேட்க வேண்டும். என் வயதையும் கேட்டார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் முதன்முதலாக ஒரு நுண்ணூசிக் கருவியைப் பரு வடுவுக்கு அனுமதித்தபோது, 22 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் என்றே அனுமதித்தது. எனக்கு 17.

ராத்தாவின் குழிகள் அகலமானவை. அவருக்குச் சிகிச்சை பயன் தரும் என்றார் வைத்தியர். ஆனால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டும். கொலாஜன் தன் வேலையை முடிக்க அதன் பிறகும் மாதங்கள் ஆகும். நிக்காஹுக்கு இருந்த நாட்களில் அவசரமாகச் செய்தால் கையில் மிஞ்சுவது சிவந்த முகம்தான். ராத்தா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்த முகத்தோடயே எழுதட்டும்" என்றார். உம்மா தன் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

ரோலரை வெறுமனே குப்பைப் பையில் போட்டால், அதை எடுக்கும் தொழிலாளியின் கையில் குத்தும். எனவே வெறுமையான ஒரு ஜாம் போத்தலில் போட்டு மூடினோம். அதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே கைவில்லையால் பார்த்தேன். 540 ஊசிகள் என்றிருந்ததில் ஊசி ஒன்றுகூட இல்லை. மெல்லிய உலோகத் தட்டுகளின் விளிம்பைப் பல் பல்லாக வெட்டி அடுக்கியிருந்தார்கள். ஊசி துளைக்கும், இவ்வாறான பல் கீறும். இரண்டு பற்கள் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. அதை நான் உருட்டியது ஒரே ஒரு இரவுதான்.

போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது, ஊசிகள் போடும் மஞ்சள் பெட்டிக்குள் தாதி அதை வாங்கிப் போட்டார். ராத்தாவின் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி நிக்காஹுக்கு ஆறு வாரங்களுக்குப் பின் எழுதப்பட்டிருக்கிறது. துணைக்கு நானும் வர வேண்டுமாம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு.