திண்டிவனத்துப் பள்ளிகள்

விழுப்புரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே அமைந்துள்ள ஊர் திண்டிவனம். புளியமரங்கள் அடர்ந்த இடமாதலின் ‘திந்திரிணி வனம்’ என்று வழங்கிய பெயரே இவ்வாறு மருவிற்று என்பர். கிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் மீனவர் குப்பங்களும் உள்ளன. மேற்கே செஞ்சிக் குன்றுகள் எழுகின்றன. இடையே நெல்லும் மணிலாவும் விளையும் சிற்றூர்கள் பரந்து கிடக்கின்றன. இங்குள்ள பள்ளிகளின் நிலையை அறிய விரும்புவோர் முதலில் இந்நிலத்தை அறிதல் வேண்டும். பெற்றோர் செய்யும் தொழிலே பிள்ளையின் பள்ளி வருகையைப் பெரிதும் உறுதி செய்கின்றது.

முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாயிருந்த இந்நாடு 1993-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. முதன்மைக் கல்வி அலுவலர் விழுப்புரத்தில் இருக்கின்றார். மாவட்டக் கல்வி அலுவலர்களும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் அவருக்குத் துணை நிற்கின்றனர். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எனப் பல வகைப் பள்ளிகள் இங்குண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர்; அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலோ ஏறத்தாழ 72 பேரே. இக்குறையை நீக்குவதே இங்குள்ள ஆசிரியர்தம் தலையாய பணி.

திண்டிவனத்தின் பழம்பெரும் பள்ளிகளுள் ஒன்று வால்டர் ஸ்கடர் பள்ளி. அருகிலுள்ள ஓமந்தூரில் 1895-இல் உழவர் குடியிற் பிறந்த இராமசாமி ரெட்டியார் இப்பள்ளியிற் பயின்றவர். அவரே 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கினார். அக்காலத்தில் உயர்நிலைக் கல்வி வேண்டுவோர் ஊரைவிட்டு நகருக்கு வரவேண்டியிருந்தது. வர இயலாத பிள்ளைகளே மிகப் பலர்.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும், 3 கிலோமீட்டருக்குள் நடுநிலைக் கல்வியும் கிடைத்தல் வேண்டும் என்பது விதி. தொலைவிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வருவோர்க்கு விலையில்லா மிதிவண்டியும் பேருந்துச் சலுகையும் உதவுகின்றன. 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவத் தொடங்கிய மதிய உணவு, பசியைக் காரணமாகக் காட்டிப் பள்ளியைத் துறக்கும் நிலையை மாற்றிற்று.

ஆயினும், பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, அருகிலிருந்த பள்ளியும் எட்டாத பொருளாயிற்று. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கற்ற எழுத்தையும் மறந்தனர். அக்குறை தீர்க்க ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் மாலைதோறும் தெருத் திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் சிறுவரைக் கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்தனர்.

எல்லாரினும் பின்தங்கி நிற்போர் இருளர் குலச் சிறுவர்களே. அவர்தம் பெற்றோரிற் பலர் செங்கற்சூளைகளிலும் மரம் வெட்டும் தொழிலிலும் உழைப்பவர். மழைக்காலம் கழிந்ததும் குடும்பம் முழுவதும் சூளைக்குப் பெயர்ந்துவிடும். பிள்ளையின் படிப்பு நடுவே அறுந்துபோகும். பழங்குடியினர்க்குரிய உதவித்தொகையைப் பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதனைக் கோட்டாட்சியரிடம் பெறுவதற்குள் எழுத்தறியாப் பெற்றோர் பலமுறை அலைய நேர்கின்றது. ஒரு நாள் அலைச்சல் ஒரு நாட் கூலியை இழப்பதாகும். திண்டிவனம் அரசுக் கல்லூரியிற் பணியாற்றிய பேராசிரியர் கல்யாணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வாயிலாக இவர்களுக்காக வாதாடினார்; தாய்த்தமிழ்ப் பள்ளி ஒன்றையும் திண்டிவனத்தில் நிறுவினார்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இச்சிறுவர்க்குப் பெருந்துணை. ஆண்டின் நடுவில் வந்தாலும், பிறப்புச் சான்றிதழ் இல்லாவிடினும், சேர்க்கை மறுத்தலாகாது என்று அது விதிக்கின்றது. வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்த்து, விட்டுப்போன பாடங்களைத் தனியே கற்பித்தலும் பள்ளியின் கடமையாகின்றது. சூளையிலிருந்து திரும்பும் சிறுவன் மீண்டும் பள்ளிக்கு வருவதற்கு இவ்விதியே வழி வகுக்கின்றது.