காரின் பின்கதவை மாற்றும் முறை

1983ஆம் ஆண்டு மாருதி 800 வெளிவந்த பின்னர், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவுடைய சிறு கார்கள் நம் நாட்டில் பெருகின. டிக்கிக் கதவு என மக்கள் வழங்கும் இது வெறும் தகடு அன்று. கண்ணாடி, பூட்டு முதலியவற்றைத் தாங்குவது. பல கார்களில் துடைப்பானுக்கும் விளக்கிற்கும் உரிய வயர்களும் கீலருகே வளைந்து இதனுட் செல்லும். கதவைத் திறந்து மூடுந்தோறும் மடிவதால் அவை நாளடைவில் அறுதலும் உண்டு.

கதவைக் கழற்ற முனைவோர் முதற்கண் பேட்டரியின் எதிர்முனை இணைப்பை நீக்குதல் வேண்டும். பின்னர் உட்பலகையை அகற்றி, இணைப்புகளைப் பிரித்து, இன்னது எதற்குரியது எனச் சீட்டு ஒட்டுக. வயரின் நுனியில் உறுதியான நூலொன்றைக் கட்டிய பின்னரே அதனை உருவுக. நூல் கதவினுள் தங்கும். அதே கதவை மீண்டும் பூட்டுங்கால் வயரை அதுவே இழுத்துத் தரும். புதுக்கதவாயின், பழைய நூல் சென்ற வழியைக் கண்டு அவ்வாறே கோக்க.

கீல் இருந்த இடத்தைக் கோடிட்டுக் குறித்தபின் போல்ட்டுகளைத் தளர்த்துக. தாங்குதண்டுகளைக் கழற்றுமுன் வேறொருவர் கதவைப் பிடித்திருத்தல் இன்றியமையாதது. தனித்துச் செய்யின் கதவு தலைமேல் வீழும்.

பூட்டிய பின் சுற்றிலும் இடைவெளி ஒத்துள்ளதா என நோக்குக. ரப்பர்ப் பட்டை பொருந்தாவிடின் மழைநீர் மட்டுமன்று, எஞ்சினின் நச்சுப்புகையும் உட்புகும். பின்னிருக்கையில் அமர்வோர் நம் பிள்ளைகள் என்பதை மறவற்க.