இழுப்பு நோயும் இன்ஹேலரும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர்களில் இடவப்பாதியில் ஒரு மழை, துலா மாதத்தில் ஒரு மழை. சுவரில் ஈரம் ஏறும். பாயிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். இழுப்புள்ள குழந்தைகளுக்கு இது கெட்ட காலம். நாம் இழுப்பு என்பதை அண்டை வீட்டார் 'வலிவு' என்பர். மருத்துவர் இன்ஹேலர் எழுதித் தந்ததும் இரு மொழியிலும் எழும் கேள்வி ஒன்றே: "ஸ்டீராய்டாமே, பிள்ளை வளராமல் போய்விடுமோ?"

இவ்வச்சம் பொருளுடையதா? ஆராய்வோம்.

மூச்சுக்குழல்களின் உட்சுவர் நெடுநாள் அழற்சியுற்று வீங்கியிருப்பதே இந்நோய். சால்பூட்டமால் இறுகிய குழலைச் சில நிமிடங்களில் விரிக்கும், வீக்கத்தைத் தணிக்காது. அதைத் தணிப்பவை புடசோனைடு, பெக்லோமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டுகள். இவற்றை மூச்சோடு இழுத்தால் மைக்ரோகிராம் அளவே போதும். இரத்தத்தில் சேர்வது சிறு பங்கே.

வட அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுள்ள 1041 சிறுவர்களை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கவனித்து, 2000-இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் 400 மைக்ரோகிராம் புடசோனைடு இழுத்தவர்கள் மருத்துவமனையில் சேர நேர்ந்தது, போலி மருந்து பெற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவு. அவர்கள் பெரியவர்களானபின் அளந்த உயரம் 2012-இல் வெளியாயிற்று. குறைவு 1.2 சென்டிமீட்டர். முதல் ஓரிரு ஆண்டுகளில் நேர்ந்த அக்குறைவு பின்னர் பெருகவில்லை.

மற்றத் தீங்குகளையும் மறைத்தல் கூடாது. வாயில் வெண்படலம் தோன்றலாம், குரல் கம்மலாம். ஸ்பேசர் பொருத்தி இழுத்து, பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் இவை குறையும். அளவு மிகுந்தால் அட்ரினல் சுரப்பி சோர்வுறலாம். ஆதலின், நோயை அடக்கும் மிகக் குறைந்த அளவையே மருத்துவர் நாடுவார். குழந்தையின் உயரத்தையும் அவ்வப்போது அளந்து பார்ப்பார்.

இம்மருந்து நோயை வேரறுப்பதில்லை. நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண நோயாளர் பதிவுகளை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது. மருந்தை நிறுத்திய முதல் மூன்று திங்களில் இழுப்பால் இறந்தோர் விகிதம், தொடர்ந்து எடுத்தவர்களிடையே இருந்ததைவிட மிகுதி.

தோழர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மூச்சு சீரானதும் மூலையில் போடப்பட்ட இன்ஹேலரை ஏதேனும் ஒரு வீட்டில் காண்பீர்கள். அந்தத் தாயிடம் "பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லி வந்துவிடாதீர்கள். இந்தக் கணக்கை, தமிழோ மலையாளமோ, அவர் பேசும் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.