விதை வாங்குமுன் நிலத்தைக் கேளுங்கள்

கல்முனைக்குடிப் பகுதி நெற்செய்கையாளருக்கும் மரக்கறித் தோட்டக்காரருக்கும்

கமக்காரர்களே,

பெரும்போக அறுவடை முடிந்து, கடன்களை அடைத்து, கையில் சிறிது பணம் மிஞ்சியிருக்கும் வேளையில் நீங்கள் கல்முனைக் கடைத்தெருவுக்குச் செல்கிறீர்கள். பசளை வாங்குவதே உங்கள் நோக்கம். ஆனால் கடையின் முன்புறத்தில் வண்ணப் படம் அச்சிட்ட விதைப் பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு முழம் நீண்ட பயற்றங்காய், பளபளக்கும் கத்தரிக்காய், கொத்துக் கொத்தாய்த் தக்காளி! விலையும் பெரிதன்று. ஒன்று எடுக்கச் சென்ற கை ஆறு எடுத்துவிடுகிறது. வழியில் கன்று விற்பவரின் லொறி நின்றால் மேலும் நான்கு கன்றுகள் வீடு வந்து சேருகின்றன.

இந்த ஆசையை நாம் இழித்துரைக்க வரவில்லை. மண்ணை நேசிப்பவனுக்கே இவ்வாசை உண்டாகும். இன்று நம் சமையலில் இன்றியமையாத மிளகாயும், வறியோரின் பசி தீர்த்த மரவள்ளியும், ஒரு காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த புதுப் பயிர்களே. புதியதை நட்டுப் பார்க்கும் ஆசை எவருக்கும் இல்லாதிருந்தால் அவை நம் வளவுக்கு வந்திரா. எனினும், அளவறியாத ஆசை பணத்தை மட்டுமன்று, நீரையும் உழைப்பையும், சில வேளைகளில் நிலத்தையுமே கெடுத்துவிடும். பையின் மேலுள்ள படத்தில் காய் இருக்கிறது. அதற்கு இறைக்க வேண்டிய தண்ணீர் இல்லை. அத்தண்ணீரையும் நிலத்தையும் கணக்கிட்ட பின்னரே விதை வாங்க வேண்டும் என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் பொருள்.

1. ஒரு பாத்தியின் கணக்கு

கல்முனைக்குடியில் வீடுகள் நெருங்கியவை, வளவுகள் சிறியவை. ஒருவருக்கு 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள தோட்டத்துண்டு ஒன்று இருக்கிறது எனக் கொள்வோம். அதன் பரப்பு 200 சதுர அடி. கத்தரியை வரிசைக்கு வரிசை 3 அடியும் கன்றுக்குக் கன்று 2 அடியும் விட்டு நட்டால், ஒரு கன்றுக்கு 6 சதுர அடி வேண்டும். ஆகவே அந்நிலம் தாங்குவது 33 கன்றுகளையே.

கத்தரி விதை ஒரு கிராமில் ஏறக்குறைய 200 விதைகள் இருக்கும். 2 கிராம் விதையில் முக்காற்பங்கு முளைத்தாலும் 300 நாற்றுகள் கிடைக்கும். நடுவதற்கு 33 கன்றுகளும், பட்டுப்போனவற்றின் இடத்தை நிரப்ப ஏழெட்டும் போதும். மீதி 260 நாற்றுகளை என் செய்வது? முளைத்ததைப் பிடுங்கி எறிய மனம் வருவதில்லை. ஆகவே 33 நிற்க வேண்டிய இடத்தில் 100 நெருக்கி நடப்படுகின்றன. அவை ஒளிக்கும் உணவுக்கும் ஒன்றோடொன்று போட்டியிட்டு உயர்ந்து மெலிந்து, காற்றோட்டமின்றி நோய்க்கும் பூச்சிக்கும் இரையாகின்றன. 33 கன்றுகள் தரக்கூடிய காயை அந்த 100 கன்றுகள் தருவதில்லை.

இனி நீரைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் தேவையென வைத்துக்கொண்டால், மேற்கூறிய துண்டுக்கு 90 இலீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். 10 இலீற்றர் கொள்ளும் வாளியால் அது 9 வாளி. விதை மலிவென்று அதே அளவில் இன்னும் மூன்று துண்டுகள் கொத்தினால், நாள்தோறும் 37 வாளி இறைக்க வேண்டும். நம் கரையோர மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. கோடையில் கிணறும் பூவலும் வற்றி, சில இடங்களில் நீர் உவர்ப்படைவதும் உண்டு. பங்குனியில் உற்சாகத்தோடு நட்ட தோட்டம் ஆடியில் கருகுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அகல உழுவதிலும் ஆழ உழுவதே நன்றென முன்னோர் கூறியது மரக்கறித் தோட்டத்துக்கும் பொருந்தும்.

2. விதை உயிருள்ள பொருள்

"இன்று நடாவிட்டால் அடுத்த போகத்தில் நடலாம்" என்று பலர் விதையை வாங்கி வைக்கின்றனர். ஆணியை வாங்கி வைப்பது போன்றதன்று விதையை வாங்கி வைப்பது. விதைக்குள் உறங்கும் முளை சுவாசிக்கிறது; நாளடைவில் தளர்ந்து இறக்கிறது. வெப்பமும் ஈரமும் அதன் ஆயுளைக் குறைக்கும். விதையின் ஈரப்பதன் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியசு குறையுந்தோறும் அவ்வாறே இரட்டிக்கும் என்பதும் விதை நூலார் பொதுவாகக் கொள்ளும் விதிகள். கடற்காற்று வீசும் நம் ஊரில் வாய் திறந்த பையை அடுக்களைத் தட்டில் வைத்தால், இவ்விரு விதிகளும் நமக்கு எதிராகவே வேலை செய்யும்.

எல்லா விதைக்கும் ஆயுள் ஒன்றன்று. வெங்காய விதையும் நிலக்கடலையும் விரைவில் முளைப்புத்திறனை இழப்பவை. கத்தரி, தக்காளி, பூசணி ஆகியவற்றின் விதை நன்கு உலர்ந்து குளிர்ந்த இடத்தில் இருந்தால் சில ஆண்டுகள் தாங்கும். நம் பெண்கள் சுரையையும் பீர்க்கையும் முற்றவிட்டு அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டது வீண் வழக்கமன்று. உலர்வதற்கும் பூச்சி அணுகாமைக்கும் அது உதவியது.

எண்ணற்ற விதைவகைகளைத் திரட்டி வைக்கும் பணிக்கு வேறிடம் உண்டு. 1988 இல் கன்னொறுவையில் தொடங்கிய தாவர மரபுவள நிலையம் குளிரறைகளில் விதைகளைப் பேணுகிறது. கமக்காரரின் தகரப் பேணி அதன் வேலையைச் செய்ய இயலாது. அவர் நட இருப்பதை மட்டும் வைத்திருப்பதே சிறந்தது.

3. கன்றோடு கூட வருவன

விதையை விடக் கன்றும் கிழங்கும் குட்டியும் ஆபத்து மிக்கவை. அவற்றோடு மண்ணும், மண்ணோடு நோயும் வரும். வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் வட்டப்புழு மணல் மண்ணில் நன்கு பெருகும். கண்ணுக்குத் தெரியாத அப்புழு ஒரு சாடி மண்ணில் ஒளிந்து வந்து சேரலாம். ஒருமுறை நிலத்தில் குடியேறினால் அதை முற்றாக நீக்குதல் மிக அரிது. தக்காளியையும் கத்தரியையும் திடீரென வாடச் செய்யும் பற்றீரியா நோயும் இவ்வாறே பரவும்.

வாழையின் முடிக்கொத்து நோய் இதற்குத் தக்க சான்று. புதிய இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்பது இதன் அடையாளம். நோயுற்ற வாழை பெரும்பாலும் குலை ஈனாது. இந்நோய் 1913 இல் இலங்கையில் பதிவாயிற்று. 1940 அளவில் இங்கிருந்து சென்ற குட்டிகளோடு கேரளத்துக்கும் போய்ச் சேர்ந்ததென அங்குள்ள அறிஞர் கூறுவர். வாழை அழுக்கணவன் இந்நோயை மரத்துக்கு மரம் கடத்தும். ஊருக்கு ஊர் கடத்துவோர் மனிதரே. நோயின் அடையாளம் தோன்றுமுன்னரே குட்டியின் உள்ளே அது இருக்கக்கூடும். ஆதலின், பார்வைக்கு நன்றாயிருக்கிறதென்று வழியிற் கண்ட குட்டியை வாங்காது, நோயற்ற தோட்டமென நீங்கள் அறிந்த இடத்திலிருந்தே பெறுதல் வேண்டும்.

4. அழகுக்கென வந்த ஆற்றுவாழை

மாரி வெள்ளக் காலத்தில் கிட்டங்கிப் பக்கம் சென்றவர்கள், ஆற்றுவாழை நீரின் மேல் பச்சைப் பாய் விரித்தாற்போல் அடர்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது நம் நாட்டுத் தாவரமன்று. தென்னமெரிக்காவுக்குரிய அச்செடி, ஊதா நிறப் பூவின் அழகுக்காக 1905 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1909 இல், அதை ஒழிப்பதற்கெனத் தனிச்சட்டம் ஒன்றை அரசாங்கம் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் பிறந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும் செடி ஒழியவில்லை. ஏற்ற சூழலில் இரண்டு வாரத்துக்குள் இருமடங்காகப் பெருகும் செடியை ஆணையால் நிறுத்த இயலுமா?

சல்வீனியா என்னும் நீர்ச்செடியின் வரலாறும் இதுவே. 1939 இல் தாவரவியற் படிப்புக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட அது, வெளியே தப்பிக் குளங்களையும் வயல்களையும் மூடியது. கொண்டுவந்தோர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். அழகிய செடி ஒன்றையும் படிப்பதற்குரிய செடி ஒன்றையும் விரும்பினர், அவ்வளவே. பூச்சாடியிலோ தொட்டியிலோ வளர்த்த நீர்ச்செடி பெருகிவிட்டால் அதை வாய்க்காலில் எறியாதீர்கள். வெயிலில் உலர்த்தி எரியுங்கள், அல்லது நீர்நிலைக்கு அப்பால் ஆழப் புதையுங்கள்.

5. நெல் வயலிலும் இதே ஆசை

மரக்கறி விதையில் காணும் ஆசை நெல்லில் வேறு உருவம் கொள்கிறது. வீசி விதைக்கும்போது ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் போதும். ஆயினும் "கூட விதைத்தால் கூட விளையும்" என்று பலர் 3 புசலும் அதற்கு மேலும் விதைக்கின்றனர். 5 ஏக்கர் செய்பவர் இவ்வாறு 5 புசலை, அதாவது ஏறக்குறைய 105 கிலோ விதைநெல்லை, வீணாக்குகிறார். நட்டம் அத்துடன் நில்லாது. அடர்ந்த பயிரின் அடியில் நிழலும் ஈரமும் தங்கும். அங்கே அறக்கொட்டியான் எனப்படும் கபிலத் தத்தி பெருகும். இலைமடலை அழிக்கும் பூஞ்சண நோய் பரவும். மெலிந்த தாள் காற்றுக்குச் சாயும். முளைப்பில் ஐயமிருந்தால் விதையைச் சோதியுங்கள். களைக்கு அஞ்சினால் வயலைச் சமப்படுத்தி நீரை ஒழுங்காக நிறுத்துங்கள். கூடுதல் விதை இவ்விரண்டுக்கும் மருந்தாகாது.

அயலூர்க் களத்தில் நல்ல நெல் கண்டதும் அதை விதைக்கு வாங்கி வருவதும் ஆராயாது செய்யத்தக்கதன்று. பன்றி நெல் என உழவர் கூறும் களைநெல் 1990களின் தொடக்கத்தில் அம்பாறை மாவட்ட வயல்களில் தலைகாட்டிப் பின்னர் நாட்டின் பிற பாகங்களிலும் பரவியது. இளமையில் நெல்லினின்று பிரித்தறிய முடியாத அது, அறுவடைக்கு முன்னரே மணியை உதிர்த்து நிலத்தில் விதைத்துவிடும். அது ஊர் விட்டு ஊர் செல்லும் வழிகளில் கலப்புள்ள விதைநெல் முதன்மையானது. அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதைநெல்லையே வாங்குங்கள்.

ஒரே வயலில் பல இனங்களை விதைப்பதும் நன்றன்று. பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 352 மூன்றரை மாத நெல். கல்லோயாத் திட்டத்தின் நீர் நெடுந்தூரம் ஓடி வந்து சேரும் நம் வட்டைகளில், நீர் திறக்கும் நாளும் மூடும் நாளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்னரே தீர்மானிக்கப்படுகின்றன. இரு வார வேறுபாட்டால் ஒரு துண்டு நீரின்றிக் காயும், அல்லது மற்றத் துண்டு அறுவடை வேளையில் நீரில் நிற்கும்.

6. புதியதை எவ்வாறு சோதிப்பது?

அப்படியாயின் புதிய இனமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். நம் நாட்டின் முருங்கைக்காயன் 302 என்னும் நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் சேர்த்து, பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய எச். 4 என்னும் இனம் 1958 இல் வெளியிடப்பட்டது. ஆய்வு வயலில் பல போகம் சோதித்த பின்னரே அது உழவர் கைக்கு வந்தது. பின்னர் நாடெங்கும் பரவி விளைவைப் பெருக்கியது. ஆராய்ச்சி நிலையமே பல போகம் பொறுத்திருக்குமாயின், நாம் ஒரு போகம் பொறுத்தல் ஆகாதா?

மரக்கறியில் புதிய இனத்தை ஒரே ஒரு வரிசையில், பழகிய இனத்தின் அருகே நடுங்கள். தின்னவேலி ஊதாக் கத்தரி உங்கள் நிலத்தில் நன்கு காய்க்குமாயின், புதியது அதனை விஞ்சும் வரை அதைக் கைவிடாதீர்கள். நெல்லாயின் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத துண்டில் விதைத்துப் பாருங்கள். கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாது. அவ்வகைக்கு மட்டும் போகந்தோறும் புது விதை வாங்குவது தகும்.

7. செய்ய வேண்டியவை

(அ) கடைக்குச் செல்லுமுன் நிலத்தை அளந்து, எத்தனை கன்று கொள்ளுமென எழுதுங்கள். நாளொன்றுக்கு எத்தனை வாளி இறைக்க வீட்டில் ஆள் உண்டென்பதையும் எழுதுங்கள். இரண்டில் எது குறைவோ அதற்கேற்பவே வாங்குங்கள்.

(ஆ) வீட்டில் உள்ள பழைய விதையை முதலில் சோதியுங்கள். 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி, துணி உலராமல் நிழலில் வையுங்கள். நெல்லை 7 ஆம் நாளும், கத்தரி, மிளகாயை 14 ஆம் நாளும் எண்ணுங்கள். நெல்லில் 85 க்கு மேல் முளைத்தால் அது நல்ல விதை. மரக்கறி விதையில் பாதியே முளைத்தால் நாற்றுமேடையில் இருமடங்கு இடுங்கள். அதிலும் குறைந்தால் எறிந்துவிடுங்கள்.

(இ) பையை வாங்கும்போது பொதி செய்த திகதியையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். வெயில் படத் தொங்கிய பையைத் தவிருங்கள்.

(ஈ) மீதி விதையை உலர்ந்த போத்தலில் இறுக மூடி, பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். போத்தலின் அடியில் உலர்ந்த கரித்துண்டு இடுவது ஈரத்தை உறிஞ்ச உதவும். குளிர்ப்பெட்டியில் வைப்போர், வெளியே எடுத்ததும் போத்தலைத் திறவாது, குளிர் தணிந்த பின் திறக்க வேண்டும். இல்லையேல் விதைமேல் ஈரம் படியும்.

(உ) கன்று வாங்கினால் ஒன்றை மெல்ல உருவி வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் வாங்காதீர்கள். வாங்கிய கன்றை இரு வாரம் தோட்டத்துக்குப் புறம்பே வைத்துப் பார்த்த பின் நடுங்கள்.

(ஊ) தேவைக்கு மிஞ்சிய நல்ல விதையைப் போகம் தவறுமுன் அயலவருக்குக் கொடுங்கள். இருவர் சேர்ந்து ஒரு பையை வாங்கிப் பகிர்ந்துகொள்வது அதனினும் நன்று.

(எ) ஐயம் இருப்பின் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் கண்டு கேளுங்கள்.

கமக்காரர்களே, கடையில் தொங்கும் பைகள் அடுத்த போகத்திலும் தொங்கும். உங்கள் நிலமோ ஒன்றே. உங்கள் கிணறும் ஒன்றே. நன்கு நீர் இறைத்துப் பேணிய 33 கன்றுகள் வீட்டுக்கும் அயலுக்கும் கறி கொடுக்கும். கருகிய 300 கன்றுகள் ஒரு வேளைக் கறிக்கும் ஆகா. அடுத்த முறை கை பைக்கு நீளும்போது, இது எந்தப் பாத்திக்கு என்று உங்களையே கேளுங்கள். விடை உடனே வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் கையை மடக்கி, வந்த வேலையாகிய பசளையை மட்டும் வாங்கி வீடு திரும்புங்கள்.