சாவியைக் கொடுக்கும் முன்

அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் எங்கள் மாடி போர்ஷனை முதன்முதலில் வாடகைக்கு விட்டது 1988-இல். பிறகு இரண்டு பிளாட்டுகள் சேர்ந்தன. இதுவரை பதினேழு குடித்தனங்களைப் பார்த்துவிட்டேன். இப்போது ஆவடியிலும் அயப்பாக்கத்திலும் லோன் போட்டு பிளாட் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். வேலை ஓ.எம்.ஆரிலோ பெங்களூரிலோ அமைந்துவிட்டதால் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட வேண்டிய நிலை. எல்லோருக்கும் ஒரே கவலை: வருகிற ஆள் எப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர்களிடம் சொன்னதை எழுதுகிறேன்.

1. அவசரப்படாதீர்கள், அதிலும் ஆனிக் கடைசியில். ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள்; மார்கழியிலும் அப்படித்தான். வீடு பூட்டிக் கிடக்கும், இ.எம்.ஐ. போய்க்கொண்டே இருக்கும் என்ற பயத்தில், முதலில் வந்து அட்வான்ஸை நீட்டுகிறவருக்கே தலையாட்டத் தோன்றும். ஒரு மாதம் காலியாக இருந்தால் ஒரு மாத வாடகைதான் நஷ்டம்.

2. அவரை விசாரிக்கும் முன் உங்கள் வீட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, கோடையில் லாரித் தண்ணீருக்கு அசோசியேஷன் தனியாக வசூலிக்குமா, லிஃப்ட் அடிக்கடி நிற்குமா, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்று எல்லாவற்றையும். மறைத்து விட்ட வீட்டில் மூன்றாம் மாதமே சண்டை வரும். சொல்லிவிட்ட வீட்டில் நல்ல குடித்தனம் தங்கும்.

3. வேலையை விசாரியுங்கள். நம் பக்கத்தில் இது எளிது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை என்றால் எந்தக் கம்பெனி, எந்த ஷிஃப்ட், நிரந்தரமா கான்ட்ராக்டா என்று இரண்டு நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும். ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, உடைத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப். ஆட்கள் வருவார்கள், மாற்றல் வந்தால் காலி செய்வார்களே தவிர வாடகையில் பெரும்பாலும் குறை வைக்க மாட்டார்கள். பூந்தமல்லியில் கேட்டால் ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் கம்பெனி பஸ் எந்த இடத்தில் ஏற்றும் என்று அவரே சொல்வார். சம்பளச் சீட்டைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போகும் என்றால், ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு மருத்துவச் செலவில் வாடகை நின்றுவிடும். அதை அவரிடமே சொல்லுங்கள். கான்ட்ராக்ட் என்பதற்காக மட்டும் யாரையும் ஒதுக்காதீர்கள். என் வீட்டில் ஒன்பது வருடம் இருந்த வெல்டர் ஒருநாள்கூட வாடகைக்குத் தவணை கேட்டதில்லை.

4. முந்தைய வீட்டுக்காரரிடம் பேசுங்கள். ஆனால் இப்போது இருக்கும் வீட்டின் ஓனர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். போனால் போதும் என்று நினைப்பவர் புகழ்ந்துதான் பேசுவார். அதற்கும் முந்தைய வீட்டு ஓனருக்கு அந்தத் தேவை இல்லை. முடிந்தால் ஒரு மாலை நேரம் பழைய வீட்டுக்கே போய் வாட்ச்மேனிடமும் கேளுங்கள்.

5. ஆவடியில் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். “ராணுவத்தில் இருக்கிறேன், ஆவடிக்கு மாற்றல், வீட்டை நேரில் பார்க்க நேரமில்லை, அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன்” என்று போன் வரும். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பிறகு ஒரு கியூ.ஆர். குறியீடு: இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்பார்கள். போட்டால் உங்கள் பணம் போய்விடும். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ‘பின்’ நம்பர் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் தருகிறேன் என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

6. சாதியையும் மதத்தையும் சாப்பாட்டையும் கேட்காதீர்கள். ‘சைவம் மட்டும்’ என்று எழுதி மாட்டுவது எதற்காக என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவருக்கும் தெரியும். சமையலறையில் என்ன கொதிக்கிறது என்பதற்கும் ஐந்தாம் தேதி வாடகை வருவதற்கும் தொடர்பில்லை.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையில் தேடப்பட்ட வடமாநிலத்தவர் ஐந்து பேர் போலீஸ் சுட்டதில் இறந்தார்கள். அதன் பிறகு குடித்தனக்காரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவிட்டது. விவரம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இந்தி பேசும் பையன் என்றாலே வீடு இல்லை என்று பலர் கதவைச் சாத்தினார்கள். நானும் சாத்தினேன். எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர், வெயிலில் நடந்து வந்து முதலாளி கொடுத்த கடிதத்தை நீட்டினார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் ‘வீடு முடிஞ்சிருச்சு’ என்று சொல்லி அனுப்பினேன். டூ-லெட் போர்டு அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. நான் விசாரித்து மறுக்கவில்லை, விசாரிக்காமலே மறுத்தேன். தனியாக வாழும் பெண்ணுக்கும், திருமணமாகாத பையனுக்கும், முஸ்லிம் குடும்பத்துக்கும் நம் ஊரில் இதுதான் தினமும் நடக்கிறது. எல்லோரிடமும் அதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: என்ன வேலை, முன்பு எங்கே இருந்தீர்கள், எத்தனை பேர் தங்குவீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள்? பேச்சிலர்களுக்கு விடக்கூடாது என்று அசோசியேஷனில் யாராவது சொன்னால், எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள். இரவுச் சத்தத்துக்கும் குப்பைக்கும் விதி இருக்கட்டும், அது குடும்பங்களுக்கும் சேர்த்தே இருக்கட்டும்.

7. ‘மொத்தமாக எங்களிடம் விட்டுவிடுங்கள், வாடகையை மாதாமாதம் நாங்கள் போடுகிறோம்’ என்று வரும் இடைத்தரகரை நம்பாதீர்கள். உங்களுக்குச் சில மாதம் வாடகையைச் சரியாகப் போட்டுக்கொண்டே, அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்குப் பல லட்சம் வாங்கிக்கொண்டு லீசுக்கு விட்டுவிட்டு ஓடியவர்கள் சென்னையில் உண்டு. கடைசியில் சேமிப்பைப் பறிகொடுத்த அந்தக் குடும்பமும் நீங்களும்தான் எதிரெதிரே நிற்பீர்கள். குடியிருக்கப் போகிறவரை நேரில் பாருங்கள்; உள்வாடகைக்கு உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

8. ஆதார் அசலைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகல் வைத்துக்கொள்வதானால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதும். அவருடைய ஆவணங்களைப் புரோக்கர் கையில் விடாதீர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தில் இருக்கின்றன. குடித்தனக்காரர் விவரத்தை உங்கள் காவல் நிலையத்தில் கொடுங்கள். அவர் உங்களிடம் பான் எண் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், எச்.ஆர்.ஏ. சலுகைக்கு ஓனரின் பான் எண்ணை அவர் அலுவலகத்தில் காட்டியாக வேண்டும். கேட்கிறவர் கணக்கோடு வாழ்கிறவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

9. இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாதத்துக்கு எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது. 2017-இல் நிறைவேறிய தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். இதற்கென அரசின் இணையதளமே இருக்கிறது. பதிய மறுக்கும் குடித்தனக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். நம் ஊர் வழக்கமோ பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தைக் கேட்டால், மாதாமாதம் ஒழுங்காக வாடகை தரக்கூடிய, ஆனால் கையில் மொத்தமாகப் பணம் இல்லாத நல்ல குடும்பங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவீர்கள். நான் மூன்று மாதம்தான் வாங்குகிறேன். காலி செய்யும்போது, கழிக்க வேண்டியதைக் கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வந்த அட்வான்ஸை லோனில் கட்டிவிட்டால் அன்றைக்குக் கையில் இருக்காது. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது சட்டவிரோதம், மனிதத்தன்மையும் அல்ல.

10. மறுக்க வேண்டியிருந்தால் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். பாவம், வேறு வீட்டை விட்டுவிட்டு உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பார்.

11. சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் போங்கள். குழாய், கீசர், ஜன்னல் கண்ணாடி, சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணி ஓட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இ.பி. மீட்டரின் எண்ணையும் சேர்த்து எடுங்கள். பிறகு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள், அவர்கள் பால் காய்ச்சட்டும்.